மலைக்குப் போவோம் வாருங்கள்



சித்திரை விடுமுறை வந்துவிட்டால் பள்ளிக்கூடங்கள் பூட்டப்படும்; பிள்ளைகள் லயத்து வாசலில் நிற்பார்கள். "எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்களேன்" என்று அவர்கள் கேட்கு முன்னரே, "போறதுக்கு எங்க காசு இருக்கு?" என்ற விடை நம் வாயில் ஆயத்தமாக இருக்கிறது. இந்த வாரம் அந்த விடையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு என்னோடு இருங்கள். பிள்ளைகளோடு கூடிக் களிப்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இது பிரசங்கத்துக்குரிய விஷயமா என்று சிலர் நினைக்கலாம். நினைக்கட்டும்.

சிவனொளிபாத மலைப் பருவகாலத்தில் ஒருநாள் நல்லதண்ணிக் கடைத்தெரு வழியே போய்க்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பையன் தண்ணீர்ப் போத்தல் கட்டு ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறப் புறப்பட்டான். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. ஞாயிறு பூசையில் நான் பார்த்திருக்கிற முகம்.

"தம்பி, மேலே எத்தனை தரம் போயிருக்கிறாய்?"

"எண்ணல சாமி. கடைக்குச் சாமான் தூக்கிட்டுப் போவேன்."

"அப்பா அம்மாவோடு போனதுண்டா?"

"இல்லீங்க சாமி. அம்மா தினம் மலைக்குப் போயிருவாங்க. அப்பாவுக்கும் வேலை" என்று சொல்லிவிட்டு ஏறத் தொடங்கினான்.

தோட்டத்துப் பேச்சில் 'மலைக்குப் போவது' என்றால் கொழுந்தெடுக்கப் போவது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொழும்பிலிருந்தும் காலியிலிருந்தும் எத்தனையோ தகப்பன்மார் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுகிற அந்த மலையின் அடியிலேயே பிறந்த பிள்ளை, சுமை இல்லாமல் ஒருநாளும் ஏறியதில்லை. அன்று முதல் இது என் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சூசையப்பரும் தேவதாயும் ஆண்டுதோறும் பாஸ்காத் திருநாளுக்கு எருசலேம் போவது வழக்கம் என்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது. பாஸ்கா நமது பங்குனி, சித்திரையை ஒட்டி வருகிற திருநாள். நாசரேத்திலிருந்து எருசலேமுக்கு 100 கிலோமீற்றருக்கு மேல். போக வரப் பல நாள் நடை. சூசையப்பர் தச்சர். அவர் பட்டறையைப் பூட்டினால் அன்றைய கூலி போயிற்று. செல்வர் வீடும் அல்ல. பாலனைக் கோவிலில் ஒப்புக்கொடுத்தபோது ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாமல் ஏழைகளின் காணிக்கையான இரண்டு பறவைகளைக் கொடுத்த குடும்பம் அது. அப்படியிருந்தும் ஆண்டுக்கொருமுறை குடும்பமாகப் புறப்பட்டார்கள். உறவினரும் அறிமுகமானவர்களும் கூட்டமாக நடந்தார்கள். அந்தப் பயணக் கூட்டத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் துரத்தி விளையாடியிருக்க மாட்டார்களா? பன்னிரண்டு வயதுப் பாலன் கூட்டத்தில் எங்கேயோ இருக்கிறான் என்று பெற்றோர் ஒருநாள் வழி கவலையின்றி நடந்தார்கள் என்றால், அது எவ்வளவு கலகலப்பான பயணமாக இருந்திருக்க வேண்டும்! 'ஒரு நாள் பேர் போய்விடுமே' என்ற கவலை சூசையப்பருக்குத் தெரியாத கவலை அல்ல.

ஆகவே இந்த விடுமுறையில் ஓர் இரவாவது குடும்பமாக நல்லதண்ணிக்குப் போங்கள் என்கிறேன். "அது புத்த சமயத்தாருக்கும் சைவருக்கும் உரிய மலை அல்லவா சாமி?" என்று கேட்பவர்கள் உண்டு. புத்தர் பாதம் என்கிறார்கள் பௌத்தர். சிவன் பாதம் என்கிறார்கள் இந்துக்கள். இஸ்லாமியருக்கு அது ஆதத்தின் மலை. கிறிஸ்தவர்களில் சிலர் அர்ச். தோமையாரின் பெயரோடு அதைச் சேர்த்துப் பேசினார்கள். 14ஆம் நூற்றாண்டில், பாப்பரசர் பன்னிரண்டாம் பெனடிக்ற் சீன தேசத்துக்கு அனுப்பிய பிரான்சிஸ்கு சபைத் துறவி ஜோவான்னி மரிஞ்ஞொல்லி திரும்பும் வழியில் இலங்கையில் தங்கி, இந்த மலையைப் பற்றி எழுதி வைத்தார். அதே நூற்றாண்டில், 1344இல், மொரோக்கோ தேசத்து இபின் பதூதா அதன் உச்சிக்கே ஏறினார். பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. மற்றவர் கும்பிடுகிற இடத்தில் மரியாதையோடு நிற்கப் பிள்ளைகள் பழகுவதில் என்ன குறை வந்துவிடும்? உச்சியில் எல்லாரும் பாதணி கழற்றுகிற இடத்தில் நீங்களும் கழற்றுங்கள். பாறையையும் காட்டையும் விடியலையும் படைத்தவருக்கு மனதுக்குள் நன்றி சொல்லுங்கள். அது போதும்.

இனிப் பயணத்துக்கு வருவோம். பருவகாலம் மார்கழிப் போயாவில் தொடங்கி வைகாசி வெசாக் போயா வரை. சித்திரை விடுமுறை அதற்குள் அடங்கிவிடுகிறது. ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக 30 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. உச்சி 2,243 மீற்றர் உயரம். நல்லதண்ணியிலிருந்து ஏறக்குறைய 7 கிலோமீற்றர் வழி, 5,500 அளவில் படிகள். பருவகாலத்தில் வழிநெடுக விளக்கு எரியும். பெரியவர் மூன்று நான்கு மணி நேரத்தில் ஏறிவிடுவர். சிறுபிள்ளைகளோடு போகிறவர்கள் இன்னும் இரண்டு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். போயா நாளிலும் சனிக்கிழமை இரவிலும் படியில் கால் வைக்க இடமிராது. ஆனால் ஞாயிறு வேலையில்லாத நாள் என்பதால் நம்மவர்க்குச் சனி இரவுதான் தோது. போயா அன்று தவறணை பூட்டியிருக்கும் என்பதையும் ஒரு வசதியாகச் சில தகப்பன்மாருக்கு நினைவூட்டுகிறேன்.

கடையில் வாங்கவேண்டியது அதிகமில்லை. ரொட்டியும் கட்டச் சம்பலும் வீட்டிலேயே கட்டிக்கொள்ளுங்கள். அவித்த மரவள்ளிக் கிழங்கு இருந்தால் இன்னும் நல்லது. பிளாஸ்குவில் தேத்தண்ணி. மேலே விடியற்காலைக் குளிரும் காற்றும் சாதாரணமல்ல. ஏறும்போது வியர்க்கிறது என்று ஸ்வெட்டரை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள் உச்சியில் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். கொண்டுபோன பையும் போத்தலும் உங்களோடு இறங்கட்டும். யுனெஸ்கோ 2010இல் உலக மரபுரிமையாக ஏற்ற மத்திய மலைநாட்டுக் காடுகளில் இதுவும் ஒன்று. அதன் ஓடையில் நாம் போடுகிற பொலித்தீன் கீழே உள்ள தோட்டத்துப் பிள்ளைதான் குடிக்கிற தண்ணீரில் வந்து சேர்கிறது. நல்லதண்ணி என்று ஊருக்குப் பெயர் வைத்துவிட்டு அப்படிச் செய்யலாமா?

சிறியவர்களுக்குக் களைப்புத் தெரியாமலிருக்க வழி முழுவதும் வேடிக்கை இருக்கிறது. சீத கங்குலவின் குளிர்ந்த நீரில் முகம் கழுவச் சொல்லுங்கள். இந்திகட்டுபான என்ற இடத்தில், புத்தர் தம் அங்கியைத் தைத்துக்கொண்டார் என்ற கதையை வைத்து, பக்தர்கள் ஊசியும் நூலும் வைத்துப் போவார்கள். வெள்ளை நூல் வழியோரமெல்லாம் ஓடுவதைப் பிள்ளைகள் பின்தொடர்ந்து பார்க்கலாம். உச்சியில் மணி ஒன்று உண்டு. எத்தனையாவது தடவை ஏறுகிறோமோ அத்தனை முறை அடிப்பார்கள். தாத்தா இருபது தடவை அடிக்கும்போது பேரன் ஒருதரம் அடித்துவிட்டு அண்ணாந்து பார்ப்பதைக் காண வேண்டுமே! காலை ஆறு மணியளவில் சூரியன் எழும்போது எல்லாரும் கிழக்கையே பார்ப்பார்கள். நீங்கள் பிள்ளையை மேற்குப் பக்கம் திருப்புங்கள். மலையின் நிழல் முக்கோணமாக மேகத்தின் மேல் விழுந்து கிடக்கும். வானம் தெளிவாக இருந்தால் சில நிமிடம் நிற்கும், பிறகு சுருங்கிவிடும். இறங்கும்போது வண்ணத்துப்பூச்சி எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். சிங்களத்தில் 'சமனல' என்றால் வண்ணத்துப்பூச்சி. மலைக்கே அந்தப் பெயர்தான்.

கூட்டத்தில் பிள்ளை தவறிவிடக்கூடும். தேவதாய்க்கும் சூசையப்பருக்குமே அது நேர்ந்தது. மூன்று நாள் தேடினார்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய துண்டொன்றைப் பிள்ளையின் சட்டைப் பையில் வையுங்கள். முழங்கால் நோவுள்ள பாட்டியையும் இருதய நோயாளியையும் ஏறச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். சித்திரையில் பிற்பகல் இடியும் மழையும் வரும். ஆகையால் நண்பகலுக்கு முன் இறங்கிவிடுங்கள்.

ஏற முடியாதவர்கள் மஸ்கெலியாவோடு நின்றுகொள்ளலாம். 1960களின் இறுதியில் மவுசாகலை அணை கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போயிற்று. வரட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பழைய கோவிலும் பள்ளிவாசலும் விகாரையும் தலை காட்டும். கரைமேட்டில் தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து, "எங்கள் காலத்தில் கடை எங்கே இருந்தது" என்று அவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் கேட்கட்டும். ஆனால் கரைமேட்டோடு நில்லுங்கள். இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நீர் வற்றிய சேறு ஆளை இழுக்கும். வெளியே அமைதியாகத் தெரிகிற நீர் உள்ளே ஆழமாக இருக்கும். பெற்றோர் இருவரும் வேலையில் இருக்க, விடுமுறையில் தனியே குளிக்கப் போன பிள்ளைகளின் அடக்கப் பூசையை நிறைவேற்றுகிற குருவானவரின் நிலையை நீங்கள் அறியமாட்டீர்கள். ஆற்றிலும் அணையிலும் பெரியவர் ஒருவர் கூட நில்லாமல் பிள்ளை கால் நனைக்கக்கூடாது. வேலை நாளில் லயத்துப் பிள்ளைகளையெல்லாம் ஓர் ஆச்சியின் கண்பார்வையில் விட்டு, முறை வைத்து அவருக்குச் சாப்பாடு கொடுத்தால் என்ன? பல்லாங்குழியும் கிட்டிப்புள்ளும் அவரைவிட நன்றாக யார் சொல்லிக்கொடுப்பார்கள்? குளவிக் கூட்டின்மேல் கல்லெறியக்கூடாது என்பதையும் அவரே சொல்லுவார்.

தகப்பன்மாரே, உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. சம்பள நாளில் தவறணைக்குப் போகும் காசில் பாதி இருந்தால் ஹட்டனிலிருந்து குடும்பம் முழுவதற்கும் பஸ் காசு ஆகிவிடும். கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாளில் பிள்ளையைச் சுமை தூக்க அனுப்பியவர்கள், அந்தப் பிள்ளையின் கூலி இல்லாமல் ஓர் இரவு மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். அவனும் ஏறட்டும், தோளில் ஒன்றுமில்லாமல், உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு. களைத்துவிட்டால் அவனைக் கொஞ்சத் தூரம் நீங்கள் தூக்குங்கள்.

கீழே வந்து சேரப் பத்து மணியாகலாம். ஞாயிறு என்றால் மாலைப் பூசை எங்கே என்று உங்கள் பங்குச் சாமியாரிடம் முன்னரே விசாரித்து வையுங்கள். பிரசங்கத்தின்போது பிள்ளைகள் தூங்கிவிட்டால் எழுப்ப வேண்டாம். அவரும் ஒன்றும் நினைக்கமாட்டார்.