இலவசத்தின் விலை

சென்ற மார்கழியில் ஒரு நாள் என் தாயாரைப் பார்க்க மயிலாப்பூருக்குப் போயிருந்தேன். மாட வீதிக்குப் பக்கத்தில் என் தங்கையின் வீட்டில்தான் அவள் இருக்கிறாள். காபியைக் கொடுத்துவிட்டுப் பாங்குப் புத்தகத்தை என் முன் நீட்டினாள்.

"ஏண்டா, நான் எடுக்காத பணமெல்லாம் போயிருக்கே. பாங்கிலே ஏதாவது தப்பா?"

பாங்கில் தப்பு இல்லை. மூன்று மாதத்தில் சிறுகச் சிறுக 6,400 ரூபாய் போயிருந்தது. பாட்டியின் கைபேசியை வைத்துக்கொண்டு பேரன் விளையாடுகிறான். அந்த விளையாட்டுக்குள் வரும் வீரனுக்குச் சட்டை, தொப்பி, துப்பாக்கிக்கு வர்ணம் என்று வாங்கியிருக்கிறான். வயது பதின்மூன்று.

"விளையாட்டு இலவசம் என்றாயே?" என்று கேட்டேன்.

"இலவசம்தான் மாமா. யாரும் வாங்குன்னு சொல்லலை. ஆனா வெறும் சட்டையோட போனா எல்லாரும் கேலி பண்றா."

அவன் சொன்ன இரண்டு வாக்கியங்களும் உண்மை. இரண்டும் சேர்ந்துதான் பாட்டியின் பென்ஷன் பணத்தைக் கொண்டுபோயின. வீடு திரும்பிய பிறகும் என்னால் இதை மறக்க முடியவில்லை.

உலகெங்கும் உள்ளவர்கள் ஒன்றாகக் கூடி ஆடும் இந்தக் கணினி விளையாட்டுகளில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சந்தா வழி. 2004-ல் வெளிவந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' மாதம் சுமார் 15 டாலர் வாங்கியது. அப்படியும் 2010-ல் அதன் சந்தாதாரர்கள் 1 கோடியே 20 லட்சத்தை எட்டினார்கள். மற்றொன்று, இலவச வழி. 2017-ல் வந்த 'ஃபோர்ட்நைட்' போர் ஆட்டம் வாசலில் எதுவும் கேட்பதில்லை. உள்ளே கடை விரித்திருக்கிறது. ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் காசு செலவழிக்காமலே ஆடலாம். வாங்குகிற சிலர் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

சந்தாதான் நேர்மையானது என்று முதலில் எனக்குத் தோன்றியது. சபாவில் சீசன் டிக்கெட் வாங்கினால் அதோடு கணக்கு முடிந்தது. கச்சேரி நடுவில் யாரும் வந்து, "இன்னும் நூறு ரூபாய் கொடுத்தால் தனியாவர்த்தனம்" என்று கேட்பதில்லை. இதைத்தான் பையனிடமும் சொன்னேன்.

அவன் சற்று யோசித்துவிட்டுக் கேட்டான்: "மாசம் ஆயிரம் ரூபாய்னா நீங்க கட்டுவேளா, மாமா? நீங்க கட்டினாலும், எதிர் பிளாட் வாட்ச்மேன் பையனுக்கு யார் கட்டுவா? அவன்தான் எங்க டீம்லேயே நன்னா ஆடறான்."

எனக்குப் பதில் வரவில்லை. சந்தா என்பது ஒரு வாசல். வாசல் என்றால் வெளியே நிற்பவனும் உண்டு. படித்த நாட்களில் நானே டிசம்பர் மாதப் பகல் கச்சேரிகளுக்கு ஓடியவன். மாலைக் கச்சேரிக்குத்தான் டிக்கெட். பகலில் பல சபாக்களில் கதவு திறந்தே இருக்கும். என் காதில் இருக்கும் கொஞ்சநஞ்ச சங்கீதமும் அந்த இலவசத்தில் வந்ததே. இலவசத்தைப் பழிக்க எனக்கு என்ன யோக்கியதை?

ஆனால் இலவசத்திலும் இரண்டு ஜாதி உண்டு அல்லவா? பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவத்தன்று மாட வீதிகளில் நீர்மோர்ப் பந்தல் போடுகிறார்கள். வெயிலில் வருகிறவன் ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போகிறான். அவன் தாகம் தணிந்தால் கொடுத்தவனுக்குத் திருப்தி. தூண்டிலில் இருக்கும் புழுவும் மீனுக்கு இலவசம்தான். இலவச விளையாட்டில் பையனின் தாகம் தணிந்துவிட்டால் முதலாளிக்கு நஷ்டம். அது வளரவேண்டும், அதற்கென்றே கேலியும், நாளைக்குத் தீர்ந்துவிடும் சலுகையும், கை தவறினால் வாங்கிவிடும் பொத்தானும் அமைகின்றன. இது என் கற்பனை அல்ல. பொத்தான்களை ஏமாற்றும்படி அமைத்ததாகவும், பெற்றோர் சம்மதமின்றிக் குழந்தைகள் வாங்க விட்டதாகவும் அமெரிக்காவின் மத்திய வர்த்தகக் கமிஷன் தொடுத்த புகாரில், ஃபோர்ட்நைட்டின் சொந்தக்காரர்களான எபிக் கேம்ஸ் 2022 டிசம்பரில் 24 கோடியே 50 லட்சம் டாலர் திருப்பித் தர இசைந்தார்கள்.

நம் பாராளுமன்றமும் 2025 ஆகஸ்டில் ஒரு சட்டம் நிறைவேற்றியது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை அது தடுக்கிறது. பந்தயமாக இல்லாதவரை, சந்தாவோ நுழைவுக் கட்டணமோ வாங்குவதை அனுமதிக்கிறது. நல்ல பாகுபாடுதான். ஆனால் சட்டை வாங்குவது சூதாட்டம் அல்லவே! கேலிக்கு அஞ்சி ஒரு சிறுவன் வாங்குவதைச் சூதாட்டச் சட்டம் எப்படிப் பிடிக்கும்? அந்த இடத்தில் மனச்சாட்சிதான் காவல் நிற்கவேண்டும்.

யாருடைய மனச்சாட்சி என்று கேட்டபோது, என் மேஜைமேல் கிடந்த ஒரு கடிதம் நினைவுக்கு வந்தது.

நான் தொடர்கதை எழுதிப் பிழைப்பவன். கதாநாயகி கதவைத் திறக்கும் இடத்தில் 'தொடரும்' என்று போட்டு வாசகரைத் தவிக்க விட்டவன். தாகத்தை வளர்ப்பது எனக்கும் தெரிந்த தொழில்தான். ஆனால் பத்திரிகையில் ஒரு நியாயம் இருந்தது. விலை அட்டையிலேயே அச்சாகியிருக்கும். பணக்கார வாசகரும், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கும் வாசகரும் ஒரே வாரம்தான் காத்திருப்பார்கள். கைபேசியில் கதை வெளியிடும் நிறுவனம் ஒன்று, என் நாவலை இலவசமாகத் தருவதாகவும், காத்திருக்க முடியாதவர்கள் அடுத்த அத்தியாயத்துக்குக் காசு கட்டலாம் என்றும் எனக்கு எழுதியிருந்தது. எந்த இடத்தில் அத்தியாயத்தை முறிக்கவேண்டும் என்பதற்கு யோசனைகளும் இருந்தன. கடிதம் வந்த அன்று எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

கொடுக்கிறவன் மொத்த விலையையும் முன்கூட்டியே சொல்ல முடிகிறதா? வாங்குகிறவன் அதை வீட்டுப் பெரியவர்களிடம் கூசாமல் சொல்ல முடிகிறதா? இந்த இரண்டு கேள்விக்கும் "ஆம்" என்றால், சந்தாவானாலும் இலவசமானாலும் தவறில்லை என்று நினைக்கிறேன். வாசலில் நிற்பவனுக்கு நீர்மோர்ப் பந்தல் போடுவது தனிக் கடமை. அதற்குத் தூண்டில் மாற்று ஆகாது.

பையன் பாட்டியிடம் ஒப்புக்கொண்டான். கைச்செலவுக் காசில் மாதம் இருநூறு கழிப்பதாக ஏற்பாடு. கடன் தீர இரண்டரை வருஷத்துக்கு மேல் ஆகும். பாட்டிக்கு மனம் கேட்கவில்லை. நூறாகக் குறைக்கச் சொல்கிறாள்.

நானும் அந்த நிறுவனத்துக்குப் பதில் எழுதினேன். முதல் ஐந்து அத்தியாயம் எல்லோருக்கும் இலவசம். பிறகு முழு நாவலுக்கும் ஒரே விலை. அதை முதல் பக்கத்திலேயே போடவேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.