பண்பாடு படிப்பாகுமா?

சில ஆண்டுகளுக்கு முன், ஒருநாள் அஸ்ர் தொழுகைக்குப் பின்னர், கோவை உக்கடத்தில் லேத் பட்டறை நடத்தும் அன்பர் ஒருவர் தம் மகனுடன் நம்மிடம் வந்தார். பையன் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தான். பொறியியல் கல்லூரி ஒன்றில் இடமும் கிடைத்திருந்தது. அவனோ அரசு கலைக் கல்லூரியில் வரலாறு படிக்க வேண்டுமெனப் பிடிவாதமாக நின்றான்.

“ஹஜ்ரத், சரித்திரம் படிச்சு எந்த மோட்டார் ஓடப்போகுதுங்க? ஜி.டி. நாயுடு என்ன காலேஜுக்கா போனாரு? நீங்களே இவனுக்குப் புத்தி சொல்லுங்க” என்றார் தந்தை.

நாமும் புத்தி சொன்னோம். தந்தை சொல்லைத் தட்டலாகாது, பிழைப்புக்கு வழி தேடுவதும் வணக்கமே, வரலாற்று நூல்களை ஓய்வு நேரத்தில் படித்துக்கொள்ளலாம் என்றெல்லாம் எடுத்துரைத்தோம். பையன் ஒன்றும் பேசவில்லை. நிக்காஹின்போது கன்னியின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது போல அவனுடைய மௌனத்தையும் நாம் கொண்டுவிட்டோம். அன்று நாம் சொன்னது சரிதானா என்னும் ஐயம் இன்றளவும் நம்மை விட்டபாடில்லை.

அந்தத் தந்தையை அறியாதவர் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். கொங்கு நாடு மழை குறைந்த பூமி. பாறையைக் குடைந்து, பல ஆள் ஆழத்திற்குக் கிணறு வெட்டி, அதன்பின் தண்ணீர் கண்டவர்கள் இந்நாட்டு மக்கள். பருத்தியும் பஞ்சாலையும், பவுண்டரியும் மோட்டார் பம்பும் இவர்களுடைய உழைப்பில் விளைந்தவை. இத்தகைய மண்ணில் ‘இதனால் என்ன பயன்?’ என்னும் கேள்வி பேராசையில் பிறப்பதன்று. பசியை அறிந்தவர்களின் கேள்வி அது. பயனற்ற கல்வியிலிருந்து இறைவனிடம் பாதுகாவல் தேடுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். ஆகவே பயனைக் கேட்பது குற்றமாகாது. எது பயன் என்பதில்தான் நாம் வழுக்கி விழுகிறோம்.

‘பண்பாடு’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். இச்சொல்லை வழக்கிற்குக் கொண்டுவந்தவர் ரசிகமணி டி.கே.சி. அவர்கள் என்று வையாபுரிப் பிள்ளை குறிப்பிட்டுள்ளார். சொல் புதிதாயினும் அதன் வேர் உழவனுடைய வேர். நிலத்தைக் கிளறிக் கட்டி உடைத்து விதைப்புக்கு ஏற்றதாக்குவதைப் பண்படுத்துதல் என்கிறோம். அரபு மொழியில் இதற்கு வழங்கும் சொல் ‘தகாஃபா’. ஈட்டிக் கம்பின் கோணலை நிமிர்த்துவதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது அது. ஒரு மொழி மண்ணைக் கண்டது. மற்றொரு மொழி மரக்கோலைக் கண்டது. இரண்டிலும் மாறுதலுக்கு உள்ளாவது யார்? படிக்கப்படும் பொருளன்று, படிப்பவனே. ‘கல்வி’ என்பதைக் ‘கல்லுதல்’, அதாவது தோண்டுதல் என்பதோடு சேர்த்துப் பொருள் சொல்லும் வழக்கும் தமிழில் உண்டு. கிணறு வெட்டிய நாட்டாருக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது ‘லிபரல் ஆர்ட்ஸ்’ என்னும் பெயரில் ஒரு கல்வி பெரிதும் பேசப்படுகிறது. அரியானாவின் சோனிபட்டில் 2014-இல் அசோகா பல்கலைக்கழகமும், ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் 2018-இல் கிரியா பல்கலைக்கழகமும் இதன்பொருட்டே தொடங்கப்பெற்றன. இலக்கியம், வரலாறு, தத்துவம், கலை, அறிவியல் ஆகியவற்றை ஒன்றோடொன்று கலந்து பயிலும் முறை அது. முறை நல்லதுதான். ஆனால் அங்குக் கட்ட வேண்டிய கட்டணத்தைக் கேட்டால் நம் பட்டறைக்காரர் மயங்கி விழுவார்! அப்பெயரின் பிறப்பும் அத்தகையதே. பண்டை உரோமாபுரியில் அடிமையல்லாத மனிதனுக்கு உரிய கலைகள் என்பதே அதன் பொருள். அடிமை உழைக்க, ஆண்டான் கற்றான். உழைப்பவனுக்குத் தொழிற்கல்வி போதும், பண்பாட்டுக் கல்வி பணம் படைத்தவனுக்கு என்று நாமும் சொல்வோமானால், அந்தப் பழைய உரோமாபுரிக்கே திரும்பியவர்கள் ஆவோம். அன்று அந்தப் பையனுக்கு நாம் சொன்னதும் ஏறத்தாழ அதுதான்.

கோவையின் அரசு கலைக் கல்லூரி 1852-இல் ஒரு பள்ளியாகத் தோன்றியது. பட்டப்படிப்பைத் தமிழ் வழியில் பயிற்றும் சோதனை 1960-இல் இக்கல்லூரியில்தான் தொடங்கிற்று. பொள்ளாச்சிப் பக்கத்தவரான சி. சுப்பிரமணியம் அவர்கள் அப்போது கல்வி அமைச்சர். விசைத்தறி ஓட்டுபவரின் மகனும் வரலாற்றையும் பொருளியலையும் தாய்மொழியில் சிந்திக்கலாம் என்று துணிந்த முயற்சி அது. அதன் வெற்றி தோல்விகளை வேறொரு சமயம் பேசலாம். உரிமை யாருக்கு என்பதில் அன்று இருந்த தெளிவையே ஈண்டுச் சுட்டுகிறோம். பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் ஆசிரியராக இருந்த பெரியசாமித் தூரனையும் எண்ணிப் பார்க்கிறோம். கணிதம் பயின்றவர் அவர். தமிழில் முதல் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகள் அவரை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை வெளிவந்தன. கணக்கையும் கலையையும் எதிரெதிரே நிறுத்துவது கொங்கு நாட்டின் வழக்கமாக இருந்ததில்லை.

சரி, கலையும் பண்பாடும் பயின்றவர்கள் நல்லவர்கள் ஆகிவிடுகிறார்களா? இல்லை. இதில் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளலாகாது. காவியங்களில் தோய்ந்த கொடியவர்களையும், எழுத்தறியாத சான்றோர்களையும் நாம் கண்டிருக்கிறோம். 1997 நவம்பரில் இந்நகரின் தெருக்களில் நம் சமுதாயத்தவர் கொல்லப்பட்டபோதும், 1998 பிப்ரவரி 14-ஆம் நாள் குண்டுகள் வெடித்து 58 உயிர்கள் மாய்ந்தபோதும் கோவையில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. அந்நாட்களில் நாம் இளம் ஆசிரியர். பல ஆண்டு பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் அமர்ந்து ஒருவர்க்கொருவர் சில்லறை மாற்றிக்கொண்டவர்கள், ஒருவர் என்ன நம்புகிறார் என்பதை மற்றவர் அறியாமலே இருந்ததைக் கண்டோம். அறிந்திருந்தால் எல்லாம் நின்றிருக்கும் என்று சொல்லோம். ஆனால் அறியாமை இருந்த இடத்தில் வதந்தி வந்து குடியேறியதை இக்கண்களால் பார்த்தோம்.

பிறர் கொள்கையைப் படித்தால் ஈமான் தளர்ந்துவிடும் என்று நம்மவரிற் சிலர் அஞ்சுகின்றனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் செய்தது என்ன? தத்துவவாதிகளை மறுத்துத் ‘தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா’ எழுதுவதற்கு முன், அவர்களுடைய கொள்கை இன்னதென்று ‘மகாஸிதுல் ஃபலாஸிஃபா’வில் எடுத்துரைத்தார்கள். அந்நூல் லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டபோது, அதைப் படித்த ஐரோப்பியர் கஸ்ஸாலியையும் தத்துவவாதிகளுள் ஒருவர் என்றே எண்ணிவிட்டனர்! எதிர்த்தரப்பை அத்துணை நேர்மையாகச் சொல்லியிருந்தார்கள். அல்-பிரூனியும் சமஸ்கிருதம் கற்று இந்நாட்டாரின் நம்பிக்கைகளை அவர்கள் கூறும் வண்ணமே எழுதிவைத்தார். கஸ்ஸாலியின் ஈமான் தளர்ந்ததா என்ன?

தமிழிலும் இந்நெறி உண்டு. பல சமயத்தாரின் கூற்றையும் மணிமேகலை ஒவ்வொன்றாகக் கேட்டறிகிறாள். 13-ஆம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியார் தம் சித்தியாரில் பிறர் மதங்களைக் கூறி மறுக்கும் பரபக்கத்தை முதலில் வைத்து, தம் கொள்கையாகிய சுபக்கத்தை அதன் பின்னரே வைத்தார். நமக்கு இலக்கணம் கற்பித்த நன்னூலோ பவணந்தி என்னும் சமண முனிவர் இயற்றியது; அவரைக் கொங்கு நாட்டவர் என்பர். அதற்கு உரை கண்ட சங்கர நமச்சிவாயர் சைவர். அதை ஓதியே நம் புலவர் பலரும் பா இயற்றினர். கம்பனில் ஆழ்ந்த நீதிபதி மு.மு. இஸ்மாயில் அவர்கள் தம் மார்க்கத்தில் எதை இழந்தார்கள்? சீறாப்புராணத்தைப் பாடமாகப் படிக்கும் சைவ மாணவன் தன் சமயத்தில் எதை இழக்கிறான்? நுண்கலைகளில் நமக்கு மார்க்க வரம்புகள் உண்டு, மறுக்கவில்லை. சிலையை வணங்குவது வேறு, அதைச் செதுக்கியவன் என்ன கருதினான் என்று அறிவது வேறு.

தீர்ப்புச் சொல்லும் முன் பிறன் கூற்றை அவன் சொற்களிலேயே கேட்கும் பொறுமையைத்தான் கலைக் கல்லூரி கற்பிக்க வேண்டும். எல்லா வகுப்பறையிலும் அது நடக்கிறதா? குறிப்பேட்டை ஒப்பித்துத் தேர்வெழுதும் பட்டதாரிகளும் ஏராளம். ஆயினும் பொறுமைக்கு ஒரு பயிற்சி வேண்டும். அது ஓய்வு நேரத்தில் தானாக வந்துவிடாது. நாம் அன்று சொன்னதில் பெரிய பிழை அதுவே.

அந்தப் பையன் இப்போது பொறியாளர். பம்பு ஒன்றைப் பிரித்துப் போட்டால் எந்தப் பழுது எங்கே என்று கை வைத்துச் சொல்லுவார். சென்ற ஆண்டு நம்மைக் காண வந்தவர் தம் கைப்பேசியில் ஒரு செய்தியைக் காட்டினார். நம் அண்டைச் சமயத்தார் இன்ன நூலில் இன்னவாறு நம்புகிறார்கள் என்று யாரோ எழுதியது. அவர் அதை முழுவதும் நம்பியிருந்தார், பலருக்கும் அனுப்பியிருந்தார். “அந்த நூலை நீர் பார்த்தீரா?” என்று கேட்டோம். “நூலையா?” என்றார். அறிவிப்பாளர் வரிசையைச் சோதியாமல் ஒரு ஹதீஸை ஏற்கக் கூடாது என்று அவருக்கு மக்தபில் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம். அந்தச் சோதனை மார்க்கத்துக்கு மட்டும் உரியது என்று அவர் எண்ணியிருந்தார். அவர் வேறு விதமாய் எண்ணப் பழகியிருக்கக்கூடிய வாசலை அடைத்தவர்களும் நாமே.

அடுத்து வந்த ஞாயிறன்று அவரை விஜயமங்கலத்துச் சமணக் கோயிலுக்கு அழைத்துச் சென்றோம். கதவு பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் வரும்வரை வேப்பமர நிழலில் நின்றோம். அவர் கல்லும் கல்லும் பொருந்தும் இடுக்கை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இவங்க என்ன நம்புனாங்க, ஹஜ்ரத்?” என்றார். நமக்குத் தெரிந்ததைத் தொடங்கினோம். இரண்டு வாக்கியம் போகுமுன் நிறுத்தி, “இது நீங்க சொல்றதுங்களா, அவங்க சொல்றதுங்களா?” என்று கேட்டார்.