வெயில் வராத பகல்

ஐப்பசி பிறந்துவிட்டால் ஐயம்பேட்டை நெசவாளர் வீடுகளில் கண்கள் அடிக்கடி தரையைப் பார்க்கும். குழித்தறியில் கால் வைக்கும் பள்ளத்தில் ஈரம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஈரக்காற்றில் பட்டு இழை பதம் கெடும், பாவு தளரும். அடைமழை பிடித்துக்கொண்டால் தறி நின்றுவிடும். அப்படி ஒரு முற்பகலில், காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற வழியில் இந்த ஊரைக் கடப்பவர் கண்ணில் படுவது, திண்ணையில் கைகட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர். வீட்டில் ரேஷன் அரிசி இருக்கிறது. மனைவியின் வங்கிக் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய் விழுகிறது. 'எல்லாம் சும்மா கிடைக்கும்போது எவன் வேலை செய்வான்' என்று கடந்து போகிறவருக்குத் தோன்றலாம்.

அந்த எண்ணம் தெருவோடு நிற்பதில்லை. 2018 நவம்பரில் ரேஷன் அரிசிக் கடத்தல் தொடர்பான வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, இலவசங்கள் மக்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டன, வேலைக்கு வடமாநிலங்களிலிருந்து ஆள் கொண்டுவர வேண்டியிருக்கிறது என்று கவலைப்பட்டது. 2025 பிப்ரவரியில், நகர்ப்புற வீடற்றோர் தங்குமிட வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி பி.ஆர். கவாயும் ஏறத்தாழ இதையே சொன்னார். வேலை செய்யாமலே ரேஷனும் பணமும் கிடைப்பதால் உழைக்க மக்களுக்கு விருப்பமில்லை என்பது அவர் கருத்து. வேலை கிடைத்தும் செய்ய மறுப்பவர்கள் இந்த நாட்டில் அரிது என்று வழக்கறிஞர் பிரசாந்த் பூஷண் அங்கேயே மறுத்தார்.

இதை நிதிநிலை அறிக்கை பற்றிய சண்டையாகவே பலரும் பேசுகிறார்கள். அடியில் கிடப்பது அதைவிடப் பழைய கேள்வி. ஒருவர் மனத்தில் உழைக்கும் விருப்பம் இருக்கிறதா இல்லையா என்பதை வெளியே நிற்பவர் எதைக் கொண்டு அறிவது?

காஞ்சி மண்ணே இதற்கு ஒரு கதை வைத்திருக்கிறது. பெரியபுராணம் சொல்லும் திருக்குறிப்புத் தொண்டர் இந்த ஊர்க்காரர், துணி வெளுப்பவர். குளிர்காலத்தில் ஒருநாள், மெலிந்த அடியவர் வேடத்தில் சிவன் அழுக்கேறிய கந்தையோடு வருகிறார். வெளுத்துத் தருகிறேன் என்று தொண்டர் கேட்டு வாங்குகிறார். பொழுது சாய்வதற்குள் உலர்த்தித் தந்துவிட வேண்டும், குளிர் தாங்காது என்பது வந்தவரின் நிபந்தனை. துவைத்தாயிற்று, வெயிலைக் காணோம். மழை பிடித்தது, மாலைவரை விடவில்லை. குளிரில் நடுங்கும் அடியவருக்குத் தந்த வாக்குத் தவறிற்றே என்று துணி துவைக்கும் கல்லிலேயே தலையை மோதப் போகிறார். கல்லுக்குள்ளிருந்து ஒரு கை எழுந்து அவரைத் தடுக்கிறது.

பக்தியின் உச்சம் என்றே இந்தக் கதையைச் சொல்லி வருகிறோம். உழைப்பு பற்றியும் இதில் பெரிய செய்தி இருக்கிறது. அந்தப் பகலில் தொண்டர் வாசலைக் கடந்த எவருக்கும், சொன்ன வேலையை முடிக்காமல் நிற்கும் ஒரு மனிதர்தான் தெரிந்திருப்பார். விருப்பம் எவ்வளவு இருந்தது என்று தெரிந்தது கல்லுக்குள் இருந்தவருக்கு மட்டுமே.

ஐயம்பேட்டைத் தறிக்கு மழை மட்டுமா தடை? கூலி நெசவில் பாவும் ஜரிகையும் முதலாளியிடமிருந்தோ கூட்டுறவுச் சங்கத்திலிருந்தோ வர வேண்டும். சேலை தேங்கினால் அடுத்த பாவு தள்ளிப்போகும். உடலும் கரையும் வேறு வேறு நிறமாக வரும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா, கூட ஓர் ஆள், பத்துப் பதினைந்து நாள் உழைப்பு. நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு 2019-20இல் நடந்தது. நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகச் சம்பாதிப்பதாக அது கண்டது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் விடியும் முன்னே கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் போவது இதனால்தான். தறி காலியாகக் கிடப்பதைச் சோம்பல் என்று எழுதுகிறவர், அந்த பஸ்ஸில் தூங்கி வழியும் முகங்களையும் பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

சோம்பல் என்று ஒன்று இல்லவே இல்லை என்பதும் சரியாகாது. வள்ளுவர் மடியின்மைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். கையில் ஒன்றுமில்லை என்று சொல்லிச் சும்மா இருப்பவரைக் கண்டு நிலமகள் சிரிப்பாள் என்றுதான் 'உழவு' அதிகாரம் முடிகிறது. ஆனால் அடுத்த அதிகாரமே 'நல்குரவு'. அங்கே வறுமையைப் போல் துன்பம் வேறில்லை என்கிறார். அதிலிருந்து இரண்டு அதிகாரம் தள்ளி, பிச்சையெடுத்துத்தான் ஒருவர் உயிர்வாழ வேண்டுமென்றால் உலகைப் படைத்தவனும் அப்படியே அலைந்து கெடட்டும் என்று சாபமே இடுகிறார். சோம்பியிருப்பவருக்கு நிலமகளின் சிரிப்பு, இரந்து நிற்பவருக்காகப் படைத்தவன்மேல் சாபம். இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் முதலாவதை மட்டும் மேடையில் சொல்வது வள்ளுவருக்குச் செய்யும் அநீதி.

சிரிப்பை மட்டும் சட்டமாக்கினால் என்ன ஆகும் என்பதையும் இந்த மண் கண்டிருக்கிறது. 1876-78 பெரும்பஞ்சத்தில், நிவாரணம் தாராளமாக இருந்தால் மக்கள் உழைப்பை மறந்துவிடுவார்கள் என்று அஞ்சிய ஆங்கிலேய அரசு, சர் ரிச்சர்ட் டெம்பிளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பியது. அவர் 1877இல் விதித்த கூலி, நாள் முழுக்க மண் வெட்டும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், இது உடல் தாங்காத அளவு என்று எதிர்த்துப் போராடினார். சில மாதங்களில் கூலியை உயர்த்தினார்கள். அதற்குள் போன உயிர்கள் போனவைதான்.

ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். இன்று நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ரேஷனில் விலையில்லாமல் கிடைப்பது மாதம் 20 கிலோ. ஆளுக்கு நாளொன்றுக்கு 170 கிராம்கூட வராது. இதை நம்பி ஒரு குடும்பம் காலை நீட்டிப் படுத்துவிடும் என்பவர்கள் ஒருமுறை உலையில் போட்டுப் பார்க்கலாம். பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜியும் சக ஆய்வாளர்களும் ஆறு வளரும் நாடுகளில் நடந்த ஏழு பண உதவித் திட்டங்களின் சோதனைகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். உதவி பெற்றவர்கள் வேலையைக் குறைத்துக்கொண்டதற்கு முறையான சான்று எதிலும் இல்லை.

ஆயிரம் ரூபாயின் கதையும் காஞ்சியோடு சேர்ந்ததே. மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில், அவர் பிறந்த காஞ்சிபுரத்தில்தான் தொடங்கியது. பெண்களின் கூலியில்லா உழைப்புக்கு அங்கீகாரம் என்று அரசு அதற்கு விளக்கம் சொன்னது. ஐயம்பேட்டையில் அந்த உழைப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. அடுப்பு வேலைக்கு நடுவே தார் சுற்றுகிறவள், இழை அறுந்தால் எழுந்துபோய் முடிகிறவள் அந்த வீட்டுப் பெண். சேலைக்கான கூலி கணவர் பெயரில் வருகிறது. இத்தனை காலம் சும்மா வாங்கிக்கொண்டிருந்தவர்கள் யார் என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு.

வள்ளலார் 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியபோது, வருகிறவர் எந்த ஊர், எந்தச் சாதி, என்ன செய்கிறவர் என்று விசாரிக்காமல் பசியை மட்டும் பார்க்கச் சொன்னார். உழைப்பை அவர் இகழவில்லை. பசித்தவரின் மனத்தைச் சோதித்துச் சீட்டு எழுதித் தரும் தகுதி சோறு போடுகிறவருக்கு இல்லை என்று அவர் சொன்னதைப் புரிந்துகொள்ளலாம்.

அள்ளிக் கொடுத்தால் கூட்டம் கலையவே கலையாது என்ற அச்சத்துக்கு மணிமேகலையில் ஓர் இடம் இருக்கிறது. மதுரையில் ஆபுத்திரன், அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி என்ற பாத்திரத்திலிருந்து சோறு வழங்கிக்கொண்டிருக்கிறான். இந்திரன் பாண்டிய நாட்டில் மழை பெய்விக்க, நாடு செழிக்கிறது. உண்ண வந்தவர்கள் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். பசித்தவர் கூடிய அம்பலத்தில் இப்போது வெட்டிப்பேச்சும் சூதாட்டமும். வீணர்கள் வந்து சேர்ந்தது நாடு செழித்த பிறகு என்பதைக் காப்பிய ஆசிரியர் சாத்தனார் கூர்ந்து காட்டுகிறார். ஊர் ஊராகப் போய், உண்பவர் உண்டா என்று ஆபுத்திரன் கேட்கிறான். ஒருவரும் இல்லை. மனம் உடைந்து கப்பலேறியவன், கடைசியில் மணிபல்லவத் தீவின் கோமுகிப் பொய்கையில் பாத்திரத்தை விட்டுவிடுகிறான்.

பின்னாளில் அதே பாத்திரம் மணிமேகலையின் கையில் காஞ்சிக்கு வந்தது. காஞ்சியில் அப்போது மழை பொய்த்திருந்தது.