கையும் கையெழுத்தும்

பழைய ராணுவ நைட் விஷன் பைனாகுலர் மீது சிலருக்குத் தனி மோகம் உண்டு. 1991-ல் சோவியத் யூனியன் கலைந்த பிறகு, அங்கே தயாரான சரக்கு மேலை நாடுகளில் சாதாரண ஜனங்களுக்கே விற்பனைக்கு வந்தது. செங்கல் கனம். கண்ணில் வைத்தால், பாசி பிடித்த குளத்துக்குள் மூழ்கின மாதிரி உலகம் பச்சையாகத் தெரியும்.

இதன் மூதாதை இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஆசாமி. 1945-ல் ஒகினாவா தீவில் அமெரிக்கச் சிப்பாய்கள் துப்பாக்கியில் ஒரு இன்ஃப்ரா ரெட் விளக்கைப் பொருத்தி, முதுகில் பேட்டரியைச் சுமந்தபடி இருட்டில் எதிரியைத் தேடினார்கள். அந்த வெளிச்சம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு சிக்கல். எதிரியிடமும் அதே கருவி இருந்துவிட்டால், அவனுக்கு இந்த விளக்கு கார்த்திகை தீபம்! பார்க்கப் போனவனே மாட்டிக்கொள்வான்.

1960-களில், வியட்நாம் போரில் அந்தச் சிக்கலும் தீர்ந்தது. நட்சத்திர வெளிச்சத்தையே பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கருவி வந்தது. விளக்கே வேண்டாம். நான் உன்னைப் பார்ப்பேன்; நான் பார்ப்பது உனக்குத் தெரியாது.

பி.காம். படித்தவனுக்கு இங்கேதான் உறுத்தும். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு இருக்க வேண்டாமா? பார்ப்பது பற்று என்றால், பார்க்கப்படுவது வரவு. ஒரு பக்கம் மட்டும் எழுதின பேரேடு எப்படி டேலி ஆகும்?

யுத்தத்தில் சரி, உயிர்ப் பிரச்னை. ஆனால் அந்த இன்ஃப்ரா ரெட் விளக்கு இன்றைக்கு மயிலாப்பூர் ஃப்ளாட் வாசலில் தொங்குகிறது. ராத்திரியில் கேமராவை உற்றுப் பாருங்கள். பலவற்றில் லென்ஸைச் சுற்றி மங்கலாகச் சிவப்புப் புள்ளிகள் தெரியும். அதேதான். 2018 வாக்கில் சென்னை போலீஸ் 'மூன்றாவது கண்' என்று பிரசாரம் செய்ததில், தி.நகர், அடையாறு என்று தெருத்தெருவாக கேமரா முளைத்தது.

நல்லதுதான். சங்கிலி பறிப்பவன் மாட்டுகிறான். பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் பெரியவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். இதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனால் திருடனுக்காக மாட்டின கண், திருடனை மட்டுமா பார்க்கிறது? ராத்திரி 2 மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வரும் மூன்றாவது மாடிப் பெண்ணையும் பார்க்கிறது. வேலைக்கார அம்மாவின் பையையும் பார்க்கிறது. மறுநாள் லிஃப்ட் அருகே அசோசியேஷன் செக்ரட்டரி, 'என்னம்மா, நேத்து ரொம்ப லேட் போலிருக்கே?' என்று கேட்டால், அந்தப் பெண் என்ன பதில் சொல்வாள்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அது லிஃப்ட் வரை இறங்கி வரவில்லை.

பொற்கைப் பாண்டியன் கதை ஞாபகம் இருக்கிறதா? சிலப்பதிகாரத்திலேயே வருகிறது. ஊரில் இல்லாத கீரந்தையின் வீட்டுக்குக் காவலாக ராஜா ராத்திரியில் நகர்வலம் வருகிறான். ஒருநாள் உள்ளே ஆண் குரல். சந்தேகப்பட்டுக் கதவைத் தட்டுகிறான். உள்ளே இருந்தது ஊர் திரும்பிய கணவனே! மறுநாள் வழக்கு சபைக்கு வருகிறது. தட்டினது யார் என்று யாருக்கும் தெரியாது. ராஜா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. தட்டின கையை வெட்டிக்கொண்டான்.

அவன் நோக்கத்தில் குற்றமே இல்லை. இருந்தும், இருட்டில் நின்று பார்த்ததற்குப் பகலில் வந்து கணக்குக் கொடுத்தான். பேரேட்டின் இன்னொரு பக்கம் அதுதான்.

கேமராவைக் கழற்றுங்கள் என்று சொல்ல வரவில்லை. பக்கத்தில் ஒரு நோட்டு மாட்டுங்கள். பழைய பதிவைப் போட்டுப் பார்த்தது யார், எப்போது, எதற்கு? குடியிருப்பவர், வேலை செய்பவர் யார் வேண்டுமானாலும் அதைப் புரட்டலாம் என்று வையுங்கள்.

செக்ரட்டரி ஸார் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களிடம் கையைக் கேட்கவில்லை. கையெழுத்துதான் கேட்கிறோம்.