விளையாட்டுக் கணக்கு

2024ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, என் அக்காள் மகன் அன்னூரிலிருந்து பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். காப்பி குடித்து முடிகிற வரையில் மழையைப் பற்றியும் மாம்பழத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தான். பிறகு, "ஏனுங் மாமா, இன்னைக்கு உங்களுக்கு வேலை ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டான். நாவல் எழுதுகிறவனுக்கு வேலை இருக்கக்கூடும் என்று எங்கள் உறவினர்களில் ஒருவரும் இதுவரை நம்பியதில்லை. ஆகையால் நானும், "ஒண்ணுமில்லை, சொல்லுங்க மாப்ளே" என்றேன்.

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேஜைமேல் விரித்தான். கல்யாணத்துக்கு மளிகைச் சாமான் எழுதுவது போல எட்டு வரி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு தொகை. கம்ப்யூட்டர் வாங்கப் போகிறானாம். முழுசாக அல்ல; உறுப்பு உறுப்பாக வாங்கித் தானே பூட்டப் போகிறானாம். மொத்தம் 63,000 ரூபாய். அந்தப் பணம் வந்த வழியையும் ஒளிக்காமல் சொன்னான். கணபதியில் ஒரு லேத் பட்டறையில் இரண்டு கோடை விடுமுறைகள் வேலை செய்து சேர்த்தது 28,000. அவன் அம்மிச்சி, அதாவது என் தாயார், எருமைக் கன்று விற்ற பணத்திலிருந்து கொடுத்தது 15,000. அவன் தகப்பனார் கொடுத்தது 20,000.

"எதுக்கு?" என்றேன்.

"கேம் ஆடறதுக்குங்க" என்றான், தலையைக் குனிந்துகொண்டு. பிறகு தலையை நிமிர்த்தாமலே, "அப்பாகிட்ட காலேஜ் ப்ராஜெக்டுக்குன்னு சொல்லியிருக்குங்க" என்றான்.

நிற்க. வாசகர்களில் பெரும்பாலோர் என்னைப் போலவே இந்த யந்திரத்தின் உள்ளே எட்டிப் பார்த்திராதவர்களாக இருப்பார்கள். அன்று அந்தப் பையன் எனக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திரையில் தெரியும் படம் உண்மையில் புள்ளிகளால் ஆனது. சாதாரணத் திரையில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080. பெருக்கிப் பார்த்தால் இருபது லட்சத்துக்கும் மேலே. ஆட்டம் தடங்கலில்லாமல் ஓட வேண்டுமானால் அத்தனை புள்ளிகளையும் வினாடிக்கு 60 தடவை புதிதாகத் தீட்ட வேண்டும். பாடம் படிக்கவும் கடிதம் எழுதவும் மூளையாகிய ப்ராசஸரே போதும். இந்தத் தீட்டும் வேலைக்குத் தனியாக ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் கிராபிக்ஸ் கார்டு. பட்டியலிலேயே அதிக விலை அதற்குத்தான், 20,500.

ஒன்றைப் பெரிதாக வாங்கி மற்றதைக் குறைத்தாலும் பயனில்லை என்றான். பந்தியில் பரிமாறப் பத்துப் பேர் நின்றாலும், அடுப்படியில் சாதம் வடிக்க ஒருவரே இருந்தால் இலை காத்துக்கொண்டுதானே கிடக்கும்? எந்த உறுப்பு மெதுவானதோ அதன் வேகமே மொத்தத்தின் வேகம். அதனால்தான் நினைவகத்தைக்கூட 16 ஜி.பி. ஒரே துண்டாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு துண்டு போட்டிருந்தான். இரண்டு வாய்க்கால்களில் தண்ணீர் வந்தால் வயல் சீக்கிரம் நிரம்பும் என்ற கணக்கு.

காந்திபுரம் நூறடி ரோட்டில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் கெட்டிக்காரர். கண்ணாடிப் பக்கச்சுவரும், உள்ளே ஏழு நிறத்தில் சுழலும் விளக்குகளும் உள்ள ஒரு பெட்டியைக் காட்டி, "இதோட எஸ்.எம்.பி.எஸ். ப்ரீயா வந்துருதுங்க" என்றார். மின்சாரத்தை வாங்கி மற்ற உறுப்புகளுக்கெல்லாம் பங்கிட்டுக் கொடுக்கும் டப்பாவுக்குத்தான் அந்தப் பெயர். பெட்டியின் அடியில் யார் கண்ணிலும் படாமல் கிடப்பது அது. என் மருமகன் காகிதத்தில் அதற்கென்று 4,200 ரூபாய் ஒதுக்கியிருந்தான். இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிட்டு நாலாயிரத்துச் சொச்சம் கொடுப்பது எனக்கே பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. அவன் அந்த இலவச டப்பாவைக் கையில் எடுத்து, எடை பார்ப்பவன் போல ஒரு தூக்குத் தூக்கினான். மேலே 500 வாட் என்று ஒட்டியிருந்தது. "லேபிளை நம்பிப் போட்டா, ஒரு நாளைக்கு இது போகும்போது மத்ததையும் கூட்டீட்டுப் போயிருமுங்க மாமா" என்றான். விளக்கில்லாத தகரப் பெட்டி ஒன்றை 3,200க்கு எடுத்துக்கொண்டான். பத்தொன்பது வயதில், கண்ணில் படுவதைக் குறைத்துக் கண்ணில் படாததற்குக் காசு கொடுக்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஐம்பத்தைந்திலும் தெரியவில்லை என்று என் மனைவி சொல்வாள்.

சிக்கல் கார்டில்தான் வந்தது. கடைக்காரர் எங்கள் பேச்சை ஓரளவு காதில் வாங்கியிருந்தார் போலும். படத்தீட்டும் சக்தியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் வேறு ஒரு ப்ராசஸரை எடுத்துக்கொண்டால் கார்டே வேண்டாம், இருபதாயிரம் மிச்சம், பாடத்துக்கு அது தாராளம் என்றார். உண்மைதான். சின்ன ஆட்டங்கள் அதிலும் ஓடும். பெரியவை இழுக்கும்.

இருபதாயிரம்! தகப்பனார் படிப்புக்கென்று கொடுத்த தொகையும் அதுவே. கார்டை வாங்காவிட்டால் அவரிடம் சொன்ன வார்த்தை மெய்யாகிவிடும், வாங்கினால் பொய்யாகிவிடும். பையன் கவுண்டரில் கைகளை ஊன்றிக்கொண்டு பேசாமல் நின்றான்.

நான் வயதில் மூத்தவன் அல்லவா? வழி சொன்னேன். "உங்க அப்பா குடுத்த இருபதாயிரத்துல ப்ராசஸரையும் மதர்போர்டையும் வாங்குங்க. அது ரெண்டும் படிப்புக்குத்தானே? பத்தொம்பதாயிரத்தி ஐந்நூறு ஆச்சு. மீதி ஐந்நூறை நினைவகத்துல சேர்த்துக்கலாம். உங்க சம்பாத்தியத்துல கார்டு வாங்குங்க. அதைக் கேக்க யாருக்கு உரிமை இருக்குது?"

இப்படிச் சொன்னபோது எனக்கு என் சாமர்த்தியத்தின் மேல் சற்றுப் பெருமையே உண்டாயிற்று. பணத்துக்கு முகம் கிடையாது, எந்த நோட்டும் எந்த நோட்டுக்கும் சமம் என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வார்கள். நம் வீட்டுப் பெண்கள் அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. பால் பணம் ஒரு டப்பாவில், சீட்டுப் பணம் அரிசிப் பானையில், கோயிலுக்கு முடிந்து வைத்தது மஞ்சள் துணியில். அவசரத்துக்குக் கோயில் காசை எடுத்தால் அதே தொகையைத் திருப்பி வைக்கும் வரை அவர்களுக்குத் தூக்கம் வராது. அது அறியாமை என்று நான் நினைக்கவில்லை. கொடுத்தவனின் எண்ணம் பணத்தோடு ஒட்டிக்கொண்டே வருகிறது என்ற உணர்வு அது. நன்றியறிதலின் ஒரு வகை. அந்த உணர்வைத்தான் அன்று நான் ஒரு தந்திரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டேன்.

பையன் சிறிது நேரம் யோசித்தான். "கணக்கு சரிதானுங்க மாமா. ஆனா நாளைக்கு அப்பா கேட்டாருன்னா, இந்தக் கணக்கைத்தானுங்களா அவருகிட்டச் சொல்றது?" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. டீ குடித்துவிட்டு வரலாம் என்று வெளியே அழைத்துப் போனேன்.

கடைசியில் நான் கேட்டது வேறு கேள்வி: முதலிலேயே விளையாட்டுக்கு என்று சொல்லிக் கேட்டிருந்தால் என்ன? "விளையாட்டுக்குன்னு யாருங்க மாமா பணம் குடுப்பாங்க?" என்றான். எங்கள் கொங்கு நாட்டைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. கிணற்றை ஆழப்படுத்தக் கடன் கிடைக்கும். தறி வாங்கக் கிடைக்கும். பெண்ணுக்கு நகை எடுக்கக் கிடைக்கும். விளையாட்டு மட்டும் எப்போதும் மாறுவேஷம் போட்டுக்கொண்டுதான் நம் வீட்டு வாசலுக்கு வர வேண்டும்; படிப்பு என்றோ, உடம்புக்கு நல்லது என்றோ, புத்தி கூர்மையாகும் என்றோ.

உடனே ஜி. டி. நாயுடுவின் ஞாபகம் உங்களுக்கு வரும், எனக்கும் வந்தது. 1893இல் கலங்கல் கிராமத்தில் பிறந்த அவர், வாலிப வயதில் வெள்ளைக்காரர் ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு சொக்கிப் போய், கோயமுத்தூருக்கு வந்து ஓட்டலில் வேலை பார்த்து, ரூபாய் சேர்த்து அந்த வண்டியையே வாங்கினார் என்றும், வாங்கியதும் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி மறுபடி பூட்டினார் என்றும் சொல்வார்கள். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டவர்; பிறகு மோட்டாரும் ரேஸரும் செய்தவர். "பார்த்தீர்களா, விளையாட்டு வீண் போகாது" என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. பிற்பாடு பஸ் கம்பெனி வந்தது என்பதற்காக முன்னால் ஆடியதை மன்னிப்பதும் அதே மாறுவேஷந்தான். அந்த வாலிபன் வண்டியைக் கழற்றிப் போட்ட அன்று அவன் மனத்தில் கம்பெனியா இருந்திருக்கும்? கழற்றிய வண்டி திரும்பப் பூட்ட வராமல் போயிருந்தால், அந்த மாலைப் பொழுது பாவமாகியிருக்குமா?

1958இல் அமெரிக்காவில் புரூக்ஹேவன் ஆராய்ச்சிக்கூடத்தில் வில்லியம் ஹிகின்பாதம் என்ற பௌதிக விஞ்ஞானி, பார்வையாளர் தினத்தன்று வருகிறவர்கள் சலித்துப் போகாமலிருக்க, ஒரு சிறு திரையில் பந்தாட்டம் ஒன்றை அமைத்துக் காட்டினார். அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்திருந்தவர் அவர். அவருடைய உழைப்பில் எது பிரயோஜனமான காரியம், எது வீண் காரியம் என்று என்னைக் கேட்டால் நான் தயங்காமல் சொல்லிவிடுவேன்.

ஆனால் தகப்பன்மாரின் பயத்தையும் நான் அலட்சியம் செய்யமாட்டேன். கைபேசியில் ரம்மி ஆடிக் குடும்பத்தைக் கடனில் தள்ளியவர்களின் செய்திகளைப் படித்தவர்கள் அவர்கள். தமிழ்நாட்டில் இதற்கென்று 2023 ஏப்ரலில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடுக்க 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமும் ஒரு சட்டம் இயற்றியது. சூதாடுகிறவனுக்கு ஆட்டம் முக்கியமல்ல, பணமே முக்கியம். விளையாடுகிறவன் பணத்தை முன்பே கொடுத்துவிட்டு, பிறகு அதை மறந்துவிடுகிறான். இந்த வேற்றுமை எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் பையன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு திரையைப் பார்க்கையில், வெளியே நிற்கும் தகப்பனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். அதிலும் பொய் சொல்லி வாங்கிய யந்திரம் என்று பிற்பாடு தெரிந்தால் எதைத்தான் நம்புவார்?

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பள்ளிக்கூட நாட்களில் பூகோளப் புத்தகத்துக்குள் தொடர்கதையை வைத்துப் படித்தவன் நான். என் தாயார் எழுதப் படிக்க அறியாதவர். என் முகத்தைப் பார்த்தே அது பூகோளம் அல்ல என்று கண்டுகொண்டிருக்கிறார். நாற்பது வருஷம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். அன்று ஏன் கேட்கவில்லை என்றதற்கு, "கேட்டிருந்தா நீ இன்னொரு பொய் சொல்லியிருப்பே" என்றார். கதை படிக்கிற நீங்களும், எழுதுகிற நானும், விளையாட்டுக் கணக்கில்தான் சேர்த்தி. "மொழியறிவு வளரும்" என்று சொல்லிக்கொண்டு எத்தனை நாவல்களை நாம் நம் வீடுகளுக்குள் கடத்தி வந்திருக்கிறோம்!

டீக்கடையில் நின்றுகொண்டு அந்தத் தாயாரைப் பற்றிப் பையனிடம் கேட்டேன். அம்மிச்சியிடம் என்ன சொல்லிப் பணம் வாங்கினான்? அவரிடம் மட்டும் உள்ளதைச் சொன்னானாம். கன்று விற்ற பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, "வெளையாடத்தானே கேக்கறே சாமி, வெளையாடு" என்றாராம். அவ்வளவுதான்.

பையன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தான். நான் தடுக்கவில்லை, தைரியமும் சொல்லவில்லை. "அப்பா, அந்தக் கம்ப்யூட்டருங்க... படிப்புக்குங் கூடத்தானுங்க. ஆனா மெயினா கேம் ஆடறதுக்குத்தானுங்க வாங்கறேன். நீங்க வேண்டாம்னு சொன்னீங்கன்னா உங்க இருபதாயிரத்தைத் திருப்பித் தந்தர்றனுங்க" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். கார்டு இல்லாமலே வாங்கிவிடவும் தயாராகத்தான் இருந்தான் என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

மறுமுனையில் வெகுநேரம் சத்தமில்லை. தோட்டத்தில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. மோட்டார் ஓடும் ஓசை எனக்கே கேட்டது. பிறகு, "மாமன்கிட்ட குடு" என்றார்.

வாங்கிக் காதில் வைத்தேன். என்னைத் திட்டப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். அதற்கு நான் தகுதியானவனும்கூட.

"ஏனுங் மாப்பிள்ளை, அதுக்கு யூ.பி.எஸ். சேர்த்து வாங்கறீங்களா இல்லையா? இங்க வோல்டேஜ் ஏறி எறங்கி, போன வருஷம் நம்ம மோட்டாரு காயில் ரெண்டு தடவை போச்சு" என்றார்.

காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். எட்டு வரியில் அது இல்லை.