புண்ணியக் கணக்கில் சேராத பிள்ளை

கால் ஊனத்தோடு பிறந்து இல்லத்தில் வளரும் ஒரு குழந்தையை யாராவது தத்தெடுத்தால், "பெரிய புண்ணியம்" என்கிறோம். நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனாலும் அந்தப் பாராட்டு குழந்தைக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன். புண்ணியம் என்றதுமே ஒருவர் கொடுத்தவர், மற்றவர் வாங்கியவர் ஆகிவிடுகிறார். வாங்கியவருக்குக் காலமெல்லாம் நன்றிக்கடன். பெற்ற பிள்ளையின் காய்ச்சலுக்கு இரவெல்லாம் விழித்திருக்கும் தாயை யாரும் புண்ணியவதி என்பதில்லை. தத்து ஆணை நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து அந்தக் குழந்தை எடுத்தவர்களுக்கே பிறந்ததாகக் கொள்ளப்படும் என்கிறது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். வாரிசுரிமையும் அதில் அடக்கம். சட்டம் பிள்ளை என்று ஒப்புக்கொண்ட பிறகும், ஊர் வாயில் அது தானம் பெற்ற குழந்தையாகவே இருக்கிறது.

பிறவியிலேயே பாதம் உள்நோக்கி வளைந்த குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். பொன்செட்டி முறையில் வாரம் ஒரு மாவுக்கட்டாகச் சில வாரங்கள் போட்டுப் பாதத்தைத் திருப்புவார்கள். பலருக்குக் குதிகால் தசைநாணில் சிறு வெட்டும் தேவைப்படும். அதன்பின் ஒரு கம்பியின் இரு முனைகளிலும் பொருத்திய காலணி: முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு ஏறக்குறைய நான்கு வயது வரை தூங்கும் நேரமெல்லாம். நடுவில் விட்டால் பாதம் மறுபடி வளையக்கூடும். குழந்தை காலை உதறி அழும். குதிகால் அடிவரை இறங்கியிருக்கிறதா, தோல் சிவந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் வாரை இறுக்க வேண்டும். மறுநாள் இரவும் அதேதான். தானம் கொடுத்த கையோடு முடிந்துபோகும், இது முடியாது. இதைச் செய்பவர் தாய், தகப்பன். வேறு பட்டம் எதற்கு?

"அது அந்தக் குழந்தையின் முன்வினை" என்பவர்கள் உண்டு. வினைக் கொள்கையை ஏற்றுக்கொண்டே இதற்குப் பதில் சொல்லலாம். என் செயலுக்கு நானே பொறுப்பு என்று ஒருவர் தன்னை நோக்கிச் சொல்லிக்கொள்ள வேண்டிய கொள்கை அது. அடுத்தவர் பிள்ளையின் காலைப் பார்த்துக் கணக்கு வாசிக்கும் அதிகாரத்தை அது யாருக்கும் தரவில்லை. 38ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையை அவ்வளவு அழுத்திச் சொன்ன வள்ளுவரே, 62ஆம் அதிகாரத்தில் தளராத முயற்சியின் முன் ஊழும் பின்வாங்கும் என்கிறார்.

புண்ணியம் என்ற ஆசையாவது நாலு பேரை முன்வர வைக்காதா என்பது இன்னும் வலுவான கேள்வி. நடந்திருப்பதைப் பாருங்கள். அதே சட்டத்தின் 59ஆம் பிரிவு, உடல் அல்லது மனக் குறைபாடுள்ள குழந்தைகளை வெளிநாட்டுத் தத்துக்கு அனுப்புவதில் முன்னுரிமை தரலாம் என்கிறது. இங்கே வீடு கிடைப்பது கடினம் என்று சட்டமே எதிர்பார்க்கிறது, அதுவும் புண்ணியம் என்ற சொல்லுக்குப் பஞ்சமே இல்லாத நாட்டில்.

அப்படியானால் மறுப்பது பாவமா? இல்லை. வருமானம், வயது, உடல்நிலை பார்த்து "எங்களால் முடியாது" என்பது நேர்மை. குழந்தையின் மருத்துவ அறிக்கையை எலும்பு மருத்துவரிடம் காட்டி விசாரித்துவிட்டு அப்படிச் சொல்பவரோடு எனக்கு வழக்கில்லை. ஊனம் என்று படித்ததுமே அறிக்கையை மூடிவைப்பவரோடுதான் வழக்கு.