காண்டலும் கண்ணோட்டமும்

கண்பெற்ற உயிர்களெல்லாம் காண்கின்றன. ஆயினும், காண்பதற்கென்றே பயணம் புறப்படும் உயிர் மனிதன் ஒருவனே. பறவை கடல் கடப்பது இரை தேடி. அல்லது குஞ்சு பொரிக்க இடம் தேடி. மனிதனோ வயிறு நிறைந்த பின்னரும், வீடு அமைந்த பின்னரும், இதுவரை காணாத ஒன்றைக் கண்டுவிட வேண்டும் என்று ஏங்குகின்றான். இவ்வேட்கை இழிந்ததன்று. இதுவே அவனைக் கலம் ஏற்றியது. வானை அளக்கச் செய்தது. நூல் எழுதவும் தூண்டியது. ஆயினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. ஒரு பொருளை நாம் விரும்புகிறோம் என்பதனாலேயே, அதன்முன் சென்று நிற்கும் உரிமையும் நமக்கு வந்துவிடுமா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொச்சியில் எழுந்த வினா

இது ஏட்டளவில் எழுந்த வினா அன்று. நாம் வாழும் இக்கொச்சி மாநகரிலேயே, 2024ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் முதல் 30ஆம் நாள் வரை, பல நாட்டுப் பேராளர்கள் கூடி இதனை ஆராய்ந்தனர். அண்டார்க்டிகா உடன்படிக்கை நாடுகளின் 46ஆவது கலந்தாய்வுக் கூட்டம் அது. போல்காட்டித் தீவின் மாநாட்டு அரங்கில் நடைபெற்றது. மட்டாஞ்சேரிப் படகுத்துறையிலிருந்து நோக்கினால், வெல்லிங்டன் தீவுக்கும் அப்பால், காயலின் மறுபுறத்தே உள்ளது அவ்விடம். மிளகும் சுக்கும் மணக்கும் நம் கடைத்தெருவுக்கு இத்தனை அண்மையில், மரம் ஒன்றும் முளையாத பனிக்கண்டத்தின் வழக்கு விசாரிக்கப்பட்டது வியப்பன்றோ?

அண்டார்க்டிகா எவருக்கும் உரிய நாடன்று. 1959ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், வாஷிங்டன் நகரில் 12 நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கை, அக்கண்டத்தை அமைதிக்கும் ஆராய்ச்சிக்கும் உரியதாக ஒதுக்கி வைத்தது. டாக்டர் காசிம் தலைமையில் 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்ட முதல் இந்தியக் குழு, 1982 ஜனவரி 9ஆம் நாள் அங்கே கால் பதித்தது. 1983இல் இந்தியாவும் அவ்வுடன்படிக்கையில் சேர்ந்து, முடிவெடுக்கும் உரிமையுடைய நாடுகளுள் ஒன்றாயிற்று. இன்று அவ்வுரிமை பெற்ற நாடுகள் 29.

கொச்சிக் கூட்டத்தில் முதன்முறையாக, சுற்றுலாவை நெறிப்படுத்துவதற்கென்றே தனிப் பணிக்குழு ஒன்று அமர்ந்தது. அதற்குக் காரணம் உண்டு. 1966இல் லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் என்பார் ஒரு சிறு குழுவை அங்கு அழைத்துச் சென்றார்; இத்தகைய பயணங்கள் வழக்கமாக வளர்ந்தது அதன் பின்னரே. 2023-24ஆம் ஆண்டுப் பருவத்திலோ, கரையிறங்கியோரும் கப்பலில் இருந்தே கண்டோருமாக 1,20,000 பேருக்கு மேல் சென்றுள்ளனர். தென்னமெரிக்காவின் தென்கோடியிலுள்ள உசுவாயா துறைமுகத்தில் கப்பலேறி, கொந்தளிப்புக்குப் பெயர்போன டிரேக் நீரிணையை இரண்டு நாளில் கடந்தால், பனிமலைகளும் பென்குயின் கூட்டங்களும் கண்ணெதிரே தோன்றும். இப்பயணம் அறத்தொடு பொருந்தியதா?

செல்வோர் தரப்பு

செல்வோர் கூறும் நியாயம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ‘காணாத ஒன்றை எவரும் நேசிப்பதில்லை, நேசியாத ஒன்றை எவரும் காப்பதில்லை. எனவே காண வருவோரே பனிக்கண்டத்தின் காவலராவர்’ என்பது அவர்தம் வாதம். அவர்கள் வெறும் வாதத்தோடு நின்றுவிடவுமில்லை. பயண நிறுவனங்கள் 1991இல் தாமே ஒரு சங்கம் அமைத்து விதிகள் வகுத்துக்கொண்டன. ஒரே வேளையில் 100 பேருக்கு மேல் கரையிறங்கலாகாது. 500 பயணியருக்கு மேல் ஏற்றிய கப்பல் எவரையும் இறக்கலாகாது. பென்குயினுக்கு ஐந்து மீட்டர் தொலைவிலேனும் நிற்றல் வேண்டும். புதிய விதையோ நோயோ புகாவண்ணம் காலணிகளைத் தேய்த்துக் கழுவிய பின்னரே இறங்குதல் வேண்டும். நம்மூர்க் கோயில் குளத்தருகே கூட இத்தனை ஒழுங்கைக் காண்பதரிது.

ஆயினும், நேசம் பிறக்கக் காட்சி ஒன்றே வாயில் என்பது முழு உண்மையன்று. அண்டார்க்டிகாவில் கனிமம் தோண்டுவதைத் தடுத்த மாட்ரிட் ஒப்பந்தம் 1991இல் கையெழுத்தாயிற்று. அதனை ஏற்ற நாடுகளின் மக்களுள் மிகப் பெரும்பாலோர் அக்கண்டத்தைக் கண்டவரல்லர். காணாமலே காத்தனர். மறுபுறம், கண்டவர் அனைவரும் காவலராய்த் திரும்புகின்றனரா? வானூர்தியிலும் கப்பலிலும் எரித்த எண்ணெயின் கரி அப்பனியின்மேலேயே படிகிறது. கரி படிந்த பனி வெயிலை மிகுதியாக உறிஞ்சி விரைந்து உருகுகிறது. 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பயணி ஒருவரின் பொருட்டு ஏறத்தாழ 83 டன் பனி விரைந்து உருகுகிறது என்று கணக்கிட்டது. தாம் வணங்கச் சென்ற திருமேனியைத் தம் தீபத்தின் புகையாலேயே கருக்குவது போன்றதன்றோ இது?

நம் தமிழகத்திலும் ஒரு சான்று உண்டு. வேடந்தாங்கல் மக்கள், தம் ஏரிக்கு வந்து தங்கும் பறவைகளை வெள்ளையர் சுட்டு வீழ்த்தக் கண்டு முறையிட்டு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆட்சியரிடம் காப்புரிமை பெற்றனர். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கூடு கட்டியுள்ள பறவைகள் அஞ்சுமே என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. இவர்கள் பறவையை நாடிச் சென்றவரல்லர்; தம்மை நாடி வந்த பறவைக்காகத் தம் ஆரவாரத்தை அடக்கிக்கொண்டவர்கள். காணும் அன்பினும் அடங்கும் அன்பு ஆழமானது என்பதை அவ்வூரார் நமக்குக் காட்டுகின்றனர்.

நோக்கம் என்னும் கட்டம்

அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவன், விண்ணப்பத்தாளில் முதலில் நோக்குவது ‘நோக்கம்’ என்னும் கட்டத்தையே. இந்திய அண்டார்க்டிகா சட்டம், 2022இன்படி அங்குச் செல்லும் இந்தியக் குழுவுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அவ்வகையில், ‘ஆராய்ச்சி’ என்று எழுதியவன் செல்லலாம், ‘இன்பம்’ என்று எழுதியவன் செல்லலாகாது என்று முடிவு செய்துவிடலாமா?

பென்குயினுக்கு நம் கட்டத்தைப் படிக்கத் தெரியாது. அறிஞர் காலணியும் செல்வர் காலணியும் அதற்கு ஒன்றே. அக்கண்டத்தை அடுத்த கிங் ஜார்ஜ் தீவில் ஒரு வகை அயற்புல் வேரூன்றியது ஆராய்ச்சி நிலையத்தின் அருகேதான். எனவே, விஞ்ஞானி என்ற பெயராலேயே ஒருவர் குற்றமற்றவராகிவிடார். வேறுபாடு மற்றோரிடத்தில் உள்ளது. நம் மைத்ரி, பாரதி நிலையங்களில் பனிக்காலம் முழுதும் தங்கியிருப்போர் கொண்டுவரும் செய்தி எல்லார்க்கும் பொதுவாகிறது. வெப்பம் எவ்வாறு ஏறுகிறது, பனி எவ்வளவு குறைகிறது என்பதை, அங்குச் செல்லாத நாமும் அதனால் அறிகிறோம். சுற்றுலா சென்றவர் கொண்டுவருவதோ பெரும்பாலும் தமக்கே உரிய மகிழ்ச்சி. பிறருக்கும் பயன்படும் காட்சிக்கு நாம் பொறுக்கும் சேதத்தைவிட, ஒருவர் மட்டுமே துய்க்கும் காட்சிக்குப் பொறுக்கும் சேதம் குறைவாகவே இருத்தல் வேண்டும். நோக்கம் எதுவாயினும், காலணியைக் கழுவும் விதி மட்டும் இருவர்க்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

காணப்படுவோர்

இதுகாறும் காண்போரைப் பற்றியே பேசினோம். காணப்படுவோரின் நிலை யாது? இதனை உணரக் கொச்சித் தமிழராகிய நமக்குச் சிறப்பான வாய்ப்பு உண்டு. கப்பற்பருவம் வந்துவிட்டால், பல அடுக்குக் கப்பல்கள் நம் துறைமுகத்தில் நிற்கின்றன. அவற்றிலிருந்து இறங்கும் அயல்நாட்டார் சீனவலையையும், மட்டாஞ்சேரி அரண்மனையையும், யூதர் தெருவையும் கண்டபின், கோட்டைக் கொச்சியின் சலவைத்துறைக்கும் வருகின்றனர். டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்கக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் என்று சொல்லப்படும் நம் தமிழ் மக்கள், அங்கே கல்லில் துணி அடித்து, கயிற்று முறுக்கிலே துணியைச் செருகி உலர்த்தி, இன்றும் உழைத்து வாழ்கின்றனர்.

வருவோர் எல்லாரும் ஒரு தன்மையர் அல்லர். சிலர் நின்று, பெயர் கேட்டு, இசைவு பெற்று, உழைப்பின் நுட்பத்தை வியந்து செல்கின்றனர். சிலர் உழைப்பவரின் வியர்வையையும் கிழிந்த பனியனையும் அழகிய படமாக மட்டும் கண்டு, முகத்தை நோக்காமலே படம் பிடித்துப் போகின்றனர். இருவரும் கண்டது ஒரே காட்சிதான். முதலாமவர் முன் நாம் மனிதராய் நிற்கிறோம். இரண்டாமவர் முன் பொருளாகிவிடுகிறோம். காண்பது வேறு, காட்சிப்பொருளாக்குவது வேறு என்பதை நூல் படித்து அறிய வேண்டிய தேவை நமக்கில்லை.

மனிதனுக்கேனும் வாய் உண்டு. ‘வேண்டாம், ஐயா’ என்று சொல்லலாம். பென்குயினுக்கு அவ்வாய்ப்பும் இல்லை. கூழாங்கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கட்டிய கூட்டில் முட்டையைக் காத்திருக்கும் அது, அச்சத்தால் சிறிது நேரம் எழுந்து விலகினாலும் போதும். காத்திருக்கும் ஸ்குவாப் பறவை முட்டையைக் கவர்ந்துவிடும். நமக்கு அது ஒரு நிமிட மகிழ்ச்சி. அதற்கோ அவ்வாண்டின் மகப்பேறு. வாயற்ற உயிரின் முன் நிற்கையில், அது சொல்லாத மறுப்பையும் நாமே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.

எட்டாத கனியா?

‘இப்பயணத்துக்கு ஓர் எழுத்தனின் ஓராண்டு ஊதியமும் போதாது, விடுப்புப் பயணச் சலுகையோ இந்திய எல்லையோடு நின்றுவிடும். எட்டாத கனியைப் புளிக்கும் என்கிறான்’ என்று அன்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பில் நியாயம் இல்லாமலில்லை. செல்ல இயலாதவன் செல்லாதிருத்தல் அறமாகாது. அது வெறும் இயலாமை. வாய்ப்பிருந்தும் ‘வேண்டா’ என்பவனிடத்தேதான் அறம் பேசத் தொடங்குகிறது.

இதனினும் கடினமான சிக்கல் ஒன்றுண்டு. பயணியர் தொகைக்கு வரம்பு கட்டினால் கட்டணம் மேலும் உயரும். உயர்ந்தால் பெருஞ்செல்வர் மட்டுமே காண்பர். பனியைக் காக்கப் போய், உலகின் ஓர் அழகை ஒரு வகுப்பாரின் உடைமையாக்கிவிடுவோம். வரம்பு கட்டாவிடில் அழகே அழிந்துபடும். இவ்விரண்டுக்கும் இடையே வழியில்லையா?

உண்டு என்றே தோன்றுகிறது. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூரார், சிலர்க்கே உரிய இடத்துக்குப் பலர் உரியராய் நின்றபோது, ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். அதற்குரிய தகுதிகளுள் நிலவுடைமையும் ஒன்று என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் ஓலை எடுக்கும் கை பணப்பையைப் பாராது என்னும் நெறி உயர்ந்தது. பனிக்கண்டம் தாங்கக்கூடிய தொகை இவ்வளவு என்று அறிஞர் வரையறுக்கட்டும். அவ்விடங்களுள் ஒரு பகுதியையேனும் குடவோலையால் பகிரட்டும். ஆசிரியரும் மாணவரும் மீனவரும் அதில் இடம்பெறட்டும். செல்வோர் குறைவர், ஆனால் செல்வர் மட்டுமே செல்வோராகார்.

முடிவாக

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான பேகன், தோகை விரித்த மயிலைக் கண்டு, குளிரால் நடுங்குகிறது என்றெண்ணிப் போர்வை அளித்தான். அதனைக் கொடைமடம் என்று நம் முன்னோர் போற்றினர். போற்றத்தக்கதே, எனினும் மயிலுக்குப் போர்வை தேவைப்படவில்லை. தன் குளிரை மயிலின் குளிராகக் கண்டது அவன் உள்ளத்தின் ஈரம். நாமும் நம் ஏக்கத்தைப் பென்குயினின் ஏக்கமாகக் கருதிவிடலாகாது. அது நம் வருகைக்காகக் காத்திருக்கவில்லை. நாம் அதற்கு ஈயத்தக்க போர்வை, தொலைவு ஒன்றே.

திருவள்ளுவர் ஓர் அதிகாரத்துக்குக் ‘கண்ணோட்டம்’ என்றே பெயரிட்டார். கண் ஓடிச் சென்று பிறர் துன்பத்தில் தங்குவது கண்ணோட்டம். கண் ஓடிச் சென்று தன் இன்பத்தில் தங்குவது வெறுங்காட்சி. உறுப்பு ஒன்றே, அது தங்கும் இடத்தால் அறமும் அறமின்மையும் பிரிகின்றன. செல்வோர் இவ்வளவுகோலைக் கையிலெடுத்துச் செல்க. ‘நான் கண்டேனா?’ என்று கேட்பதோடு, ‘என்னைக் கண்டது என்ன இழந்தது?’ என்றும் கேட்க.

செல்லாத நமக்கும் இவ்வினா உண்டு. உலகத்துப் பனியில் பத்தில் ஒன்பது பங்கு அக்கண்டத்தில் உறைந்துள்ளது. அது உருகும் நீர் எல்லாக் கடலிலும் கலந்து மட்டத்தை உயர்த்தும். வைப்பின் தீவில் வேலியேற்றத்தின்போது வீட்டு முற்றத்தில் உப்புநீர் ஏறுவதையும், செல்லானத்துக் கரையில் கடல் புகுவதையும் நாம் அறிவோம். அவற்றுக்குக் காரணங்கள் பல. உயரும் கடலும் அவற்றுள் ஒன்று. நாம் வீணே எரியவிடும் விளக்கின் வெப்பமும், தேவையின்றி ஓட்டும் வண்டியின் புகையும் கப்பலேறாமலே தென்முனைக்குச் சென்று சேர்கின்றன. அவ்வகையில், பயணச்சீட்டு வாங்காமலே நாம் அனைவரும் அங்குச் சென்றுகொண்டுதான் இருக்கின்றோம். பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் வந்த நம் மக்கள், பிறர் மண்ணில் எவ்வாறு அடங்கி, அன்பு பாராட்டி வாழ்வதென்று பல தலைமுறையாகப் பழகியவர்கள். அப்பழக்கத்தையே மனிதரில்லா மண்ணுக்கும் நீட்டுவோமாக.